வெளிநாட்டில் ஒரு நாளைக்கு எலெக்ட்ரிக் கார் வாடகைக்கு எடுத்தவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்கள்

தாம்பரம்கிழக்கு:
நார்வே, ஜூன் மாதம். பெர்கனில் வண்டி எடுத்து, வோஸ் வழியாக ஃப்ளாம் போய் ராத்திரிக்குள் திரும்புவதாகத் திட்டம். 11 கிலோமீட்டர் குட்வாங்கா சுரங்கம் வரைக்கும் எல்லோரும் குஷி. ஃப்ளாமில் சார்ஜர் காலியாக இல்லை, சரி, மலைமேல் இருக்கிற ஸ்டேகஸ்டைன் காட்சி மேடையைப் பார்த்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று கிளம்பினோம். அங்கேதான் ஆரம்பித்தது.

ஆர்லாண்டில் தண்ணீர் ஓரத்திலிருந்து 650 மீட்டர் உயரம் ஏற வேண்டும். ஒரு வண்டி போகிற அகலம்தான், எதிரே பஸ் வந்தால் ரிவர்ஸ். ஏறத் தொடங்கும்போது பேட்டரி 41 சதவீதம். முன் சீட்டில் மாமனார். "நாப்பது... முப்பத்தெட்டு மாப்ள... முப்பத்தாறு" என்று விக்கெட் விழுகிற மாதிரி சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் மாமியார் கந்த சஷ்டி கவசம். மேலே போய் நின்றபோது 31. ஃபியோர்டுக்கு, அதாவது மலைகளுக்கு நடுவே புகுந்த கடலுக்கு, மேலே மரத்தால் மேடை கட்டி, முனையில் கண்ணாடித் தடுப்பு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்? மாமனார் இறங்கவே இல்லை. சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

கீழே வந்தபோது 34. ஏறியிருக்கிறது! "மீட்டர் ரிப்பேர்" என்கிறார், இன்றுவரை.

கோவைசரளமாக:
எங்களுக்கு ஐஸ்லாந்து, 2024 செப்டம்பர். திங்வெட்லிர் தேசியப் பூங்கா, கெய்சிர் வெந்நீர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றும் ஒரே நாளில். சார்ஜ் பிரச்சினையே வரவில்லை. குல்ஃபோஸ் பார்க்கிங்கில் என் பையன் கதவைத் திறந்தான், காற்று அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது. கீல் பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். அதற்கு அப்புறம் அருவியாவது ஒன்றாவது. கதவைக் காற்று வளைத்தால் இன்ஷூரன்ஸ் கிடையாதாம், சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. இது பெட்ரோல் கார் என்றாலும் நடந்திருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பில்லில் கிலோமீட்டர் வரி என்று தனியாக ஒன்று இருந்ததே! எலெக்ட்ரிக் வண்டிக்கு கிலோமீட்டருக்கு 6 குரோனா, அந்த வருஷம் ஜனவரியில் வந்த வரி. தொகை பெரிசு இல்லை, 240 கிலோமீட்டருக்கு 1,440 குரோனா. முன்னாடியே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் இல்லையா?

வோல்ட்டுவாத்தியார்:
@தாம்பரம்கிழக்கு, மீட்டர் ரிப்பேர் இல்லை, மாமனாரிடம் சொல்லுங்கள். ஆட்களோடு 2,300 கிலோ என்று வைத்துக்கொண்டால், 650 மீட்டர் தூக்க மட்டுமே 4 யூனிட் கரண்ட் வேண்டும். 58 யூனிட் பேட்டரியில் அது 7 சதவீதம். டயர் உராய்வு, மோட்டார் இழப்பு சேர்த்தால் 10. இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டர் ஆகி அதில் பாதிக்கு மேல் திருப்பித் தரும். வண்டி உருளுகிற செலவு போக 3 சதவீதம் மிச்சம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

என் கதை சின்னது. லண்டனிலிருந்து ஸ்டோன்ஹெஞ்ச், பாத். வழியில் சார்ஜர் ஆப்பில் நம்ம ஊர் கார்டைப் போட்டால் ஓடிபி கேட்டது. அந்த சிம் இருந்த போன் ஹோட்டலில் மனைவியின் கைப்பையில். மழை, பின்னால் ஒரு வண்டி காத்துக்கொண்டு நிற்கிறது, என் பெண் "அப்பா, பாத்ரூம்" என்கிறாள்.

போகிறவர்களுக்கு: ஆப்பை இங்கேயே இறக்கி, கார்டை இங்கேயே பதிந்துவிடுங்கள். 2020-க்குப் பிறகு வாங்கிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடித்தான் வரும், பேங்க் ஆப்பில் திறக்க வேண்டும், கார்டைத் தட்டிப் பணம் கட்டுகிற வசதியைத் தனியாக. ஃபாஸ்ட் சார்ஜரில் 80 சதவீதத்துக்கு மேல் உட்காராதீர்கள், அதற்குமேல் ஆமை வேகம். கேபிள் கழலவில்லையா, இழுக்காதீர்கள், முதலில் வண்டியை அன்லாக் செய்யுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது எத்தனை சதவீதம் இருக்க வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். எடுக்கும்போதே மீட்டரைப் போட்டோ...

தாம்பரம்கிழக்கு:
வாத்தியாரே, நான் டிப்ஸ் கேட்கவே இல்லையே! கணக்கை மாமனாருக்கு அனுப்பினேன். "அந்த ஆளை ஒரு தடவை அந்த மலையில முன் சீட்ல உக்காரச் சொல்லு" என்கிறார்.

கோவைசரளமாக:
@வோல்ட்டுவாத்தியார், இங்கிலாந்தில் ஃபாஸ்ட் சார்ஜரில் 2024 நவம்பரிலிருந்து கார்டைத் தட்டினாலே போதும், 50 கிலோவாட்டோ அதற்கு மேலோ என்றால் சட்டமே அப்படித்தான். ஆப் எதற்கு?

வோல்ட்டுவாத்தியார்:
நான் போனது 2023, அம்மா.