வேல்ராம்பட்டு ஏரிக்கரையில் முழங்கால் வலிக்காரர் நடக்க: ரவுண்டு வர முடியுமா?

முதலியார்பேட்டைவாசி (கேள்வி):
அம்மாவுக்கு 66 வயசு. முழங்கால் தேய்மானம், ஆரம்பக் கட்டம்தான். தினமும் அரை மணி நேரம் சமதளத்துல நடக்கச் சொல்லியிருக்காங்க. மொத்தம் 2 கிலோமீட்டர் போதும். புதுச்சேரி வேல்ராம்பட்டு ஏரியை ஒரு ரவுண்டு சுத்தி வரலாமா? தூரத்தை எப்படிக் கணக்குப் பண்றது? எந்த நேரம் போகலாம்? இல்ல, கனகன் ஏரி, ஊசுட்டேரி தேவலையா?

மதகடி:
ரவுண்டுங்கிற எண்ணத்தை முதல்ல விடுங்க. குளம் வேற, ஏரி வேற. குளத்துக்கு நாலு பக்கமும் கரை உண்டு. ஏரி, சரிவுல ஓடி வர்ற தண்ணியை மறிச்சு நிறுத்துறது. அதனால தாழ்வான பக்கம் மட்டும் வில்லு மாதிரி வளைஞ்ச கரை போட்டிருப்பாங்க. மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கும். நம்ம பக்கம் நிலம் கிழக்கே கடலை நோக்கிச் சரியறதால பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குல, தண்ணி பரவுற பக்கம் மேற்குல. அந்த மேற்குப் பக்கம் போனா ஒண்ணு சேறு, இல்லன்னா வண்டி ஓடுற தெரு. நடைபாதை போட்டு அழகு பண்ணின ஏரியிலயும் அடிப்படை இதுதான்.

ஊசுட்டேரியை விட்டுடுங்க. புதுச்சேரியும் விழுப்புரம் மாவட்டமும் பங்கு போட்டுக்கிற ஏரி அது, சுமார் 800 ஹெக்டேர். சரியான வட்டமா இருந்தாலே சுத்தளவு 10 கிலோமீட்டர் வந்துடும். 2008லேருந்து பறவைகள் சரணாலயம். பைனாகுலரோட போக வேண்டிய இடம். கனகன் ஏரி கதிர்காமம் பக்கம், உங்களுக்குத் தினசரி தோதுப்படாது. நடை நிலைக்கணும்னா வீட்டுக்குக் கிட்ட இருக்கிறதுதான் சரி.

வண்டி நிறுத்துற இடத்திலேருந்து கரையில 250 மீட்டர் நேரா, சமமா இருக்கிற ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்க. நாலு தடவை போய் வந்தா 2 கிலோமீட்டர். கால் வலிச்சா எந்த நேரத்துலயும் வண்டி நிக்கிற இடம் 250 மீட்டருக்குள்ள. ரவுண்டுல பாதியில வலி வந்தா முன்னாடியும் அதே தூரம், பின்னாடியும் அதே தூரம்.

படிக்கணக்கு:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. மழைத்தண்ணி வடியறதுக்காகக் கரையோட மேல்தளம் ஒரு பக்கம் லேசாச் சாஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது, முட்டிக்குத் தெரியும். ஒரே திசையில ரவுண்டு அடிச்சா எப்பவும் அதே கால்தான் தாழ்வுல இருக்கும். போய்த் திரும்பினா கால் மாறிடும். முட்டி வலிக்காரங்களுக்கு இதுவே பெரிய வித்தியாசம். சந்தேகமா இருந்தா ஒரு தண்ணி பாட்டிலைப் படுக்க வெச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் உருளுதுன்னு தெரிஞ்சிடும்.

தூரத்துக்கு கூகுள் மேப்ஸ் போதும். சாட்டிலைட் படத்துல கரையோட ஒரு முனையை அழுத்திப் பிடிச்சா பின் விழும். கீழ வர்ற பட்டியல்ல தூரம் அளக்குறது இருக்கு. வளைவுல புள்ளியை நெருக்கமா வைங்க, இல்லன்னா குறைச்சுக் காட்டும். 250 மீட்டர்ல ஒரு மரமோ விளக்குக் கம்பமோ அடையாளம் வெச்சுக்கிட்டா அப்புறம் போனே வேணாம். முட்டி வலி இருக்கிறவங்க எடுத்து வைக்கிற ஒரு எட்டு (காலடி) 55 சென்டிமீட்டர் சுமாருக்கு வரும். அதுக்கு 250 மீட்டர்னா சுமார் 450 காலடி. நடை ஆப் பொதுவான எட்டை வெச்சுக் கணக்குப் போடும். அம்மாவோட எட்டை அதுல மாத்தலைன்னா அதிகமாத்தான் காட்டும்.

பேவர்பிளாக்:
தரை விஷயத்தை யாரும் சொல்லலை. கரைங்கிறது கொட்டின மண்ணு. அது வருஷக்கணக்கா அமுங்கிக்கிட்டே இருக்கும். மேல பதிச்ச பேவர் பிளாக்குக்கு அடியில இருக்கிற மணலை மழைத்தண்ணி அரிச்சுட்டுப் போயிடும், கல்லு ஒண்ணு இறங்கும், பக்கத்துக் கல்லு விளிம்பு ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி நிக்கும். பாதத்தைத் தேச்சு நடக்கிறவங்க தடுக்கி விழறது அந்த விளிம்புலதான். மரத்தடியில வேரும் இதே வேலையைப் பண்ணும். முதல்ல நீங்க தனியாப் போய், கல்லு ஆடுற இடத்தைக் காலால மிதிச்சுப் பார்த்துட்டு அப்புறம் அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. கிராவல் போட்ட இடம் கிடைச்சா காஞ்ச நாள்ல அதுதான் முட்டிக்கு மெத்துன்னு இருக்கும். மழைக்கு மறுநாள் ஷூவுல அப்பிக்கும்.

கரை ஏறுற சரிவுல ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி வலிக்கும். இறங்கையில கைப்பிடி இருக்கிற பக்கம் பார்த்துக்குங்க. ரப்பர் செருப்பு வேணவே வேணாம். சீமைக்கருவேல முள்ளு அதைத் துளைச்சுக்கிட்டுப் பாதத்துக்கு வந்துடும்.

மதகடி:
நேரம் கேட்டிருந்தீங்க. காலையிலதான். ஆனா இருட்டோட கிளம்பாதீங்க. கரைச்சரிவுல எலி வளை இருக்கும், எலி இருக்கிற இடத்துல கண்ணாடி விரியனும் வரும். தண்ணிப்பாம்பு ஒண்ணும் பண்ணாது, ஆனா மங்கல் வெளிச்சத்துல யார் பிரிச்சுப் பார்க்கிறது? பொழுது விடியறது ஜூன்ல 5:45 வாக்குல, ஜனவரியில 6:30 ஆயிடும். அதுக்கப்புறம் புறப்பட்டு, பாதையோட நடுவுல நடங்க, புல்லுப் பக்கம் ஒதுங்காதீங்க.

சாக்கடை கலக்குற ஏரின்னா விடியக்காலையிலதான் நாத்தம் தூக்கலா இருக்கும். ராத்திரியெல்லாம் தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சுக்கிட்டே வந்து விடியும்போது அடிமட்டத்துக்கு வந்துடும், காத்தும் அசையாது. அரை மணி கழிச்சுப் போனா குறையும். சாயங்காலம்னா கிழக்குக் கரையில நிக்கிறவங்களுக்கு வெயில் தண்ணியில பட்டு நேரா மூஞ்சியில அடிக்கும், இருட்டினா கொசு.

முதலியார்பேட்டைவாசி:
ரொம்ப நன்றிங்க. 250 மீட்டர் யோசனை பிடிச்சிருக்கு. ஐப்பசி, கார்த்திகை மழையில என்ன பண்றது?

பேவர்பிளாக்:
அந்த ரெண்டு மாசம் கரைக்குப் போகாதீங்க. நிழல்ல இருக்கிற கல்லு மேல பாசி படிஞ்சா சோப்பு தடவின மாதிரி. கலங்கல் (ஏரி நிரம்பினா உபரித் தண்ணி வழியற இடம்) வழியா தண்ணி போகும்போது கணுக்கால் அளவுதானேன்னு தாண்டவும் வேணாம்; அடியில பாசி, மேல வேகம். மழை விட்ட நாள்ல பீச் ரோடு போங்க. சாயங்காலம் 6 மணியிலேருந்து காலை 7:30 வரைக்கும் வண்டி விடமாட்டாங்க, தரையும் சமம். டூப்ளே சிலையிலேருந்து காந்தி சிலை வரைக்கும் போய்த் திரும்பினா, மீதித் தூரத்தை அன்னைக்கு முட்டி சொல்றபடி வெச்சுக்கலாம். கடல் பக்கம் கைப்பிடிச் சுவரை ஒட்டி நடக்காதீங்க, அலைத் துளி விழுந்து அந்த ஓரம் ஈரமா இருக்கலாம்.