டிரவுட் ஃப்ளை கட்ட சேலத்தில் என்னென்ன கிடைக்கும்?

ஐந்துரோட்டுக்காரன்:
வணக்கம். ஏப்ரலில் முறையாக அனுமதி வாங்கி நீலகிரி அவலாஞ்சிப் பக்கம் டிரவுட் மீன் பிடிக்கப் போகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இதுவரை மேட்டூர்ப் பக்கம் மண்புழுவும் மைதா உருண்டையும் வைத்து ஜிலேபி மீன் பிடித்ததுதான் என் அனுபவம், அதனால் கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கூட வருகிற அண்ணன் "ஃப்ளையை நீயே கட்டு" என்று பிடிவாதமாக இருக்கிறார். ஃப்ளை என்றால் தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்கிற போலி இரை. ஆன்லைனில் கிட் 6,500 ரூபாய் சொல்கிறான், அதில் பாதிச் சாமான் எதற்கென்றே புரியவில்லை. எனக்கு வேண்டியது பழைய பாணி ஃப்ளை இரண்டே இரண்டு: பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்ச், பிளாக் அண்ட் பீகாக் ஸ்பைடர். போன வாரம் தையல் நூல், எதிர்வீட்டுச் சேவல் இறகு, கடையில் வாங்கிய தூண்டில் முள் வைத்து ஒன்று கட்டினேன். என் பெண் பார்த்துவிட்டு "பாட்டில் கழுவுற பிரஷ்ஷாப்பா?" என்றாள். எங்கே தப்பு?

அம்மாப்பேட்டைத் தறி:
தையல் நூல்தான் முதல் தப்பு. பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சில் மொத்தமே இரண்டு சாமான், பட்டு நூலும் ஒரு இறகும். உடம்பு முழுக்க நூல்தான் என்னும்போது அதில் கஞ்சத்தனம் பண்ணினால் எப்படி? பட்டு நனைந்ததும் ஆரஞ்சு செங்கல் நிறத்துக்கு இறங்கி, உள்ளே லேசாக வெளிச்சம் ஊடுருவுகிற மாதிரி ஆகும். பாலியஸ்டர் நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே மூஞ்சிதான்.

சேலத்தில் இருந்துகொண்டு பட்டுக்கு ஆன்லைன் தேடுவது கொல்லையில் கிணறு இருக்க கேன் தண்ணீர் வாங்குகிற கதை. பட்டுத்தறி ஓட்டுகிற யாரிடமாவது கேளுங்கள், பாவு பிணைத்த பிறகு மிஞ்சும் துண்டு நூல் ஒரு கைப்பிடி சும்மாவே தருவார்கள். சாயம் போட்ட நூலாகப் பாருங்கள். சாயத்துக்கு முன்பே பசை நீக்கியிருப்பார்கள், மெதுவாக இருக்கும். பசை போகாத கச்சாப் பட்டு விறைப்பாக நிற்கும், முள்ளில் படியாது. இரண்டு மூன்று புரி சேர்ந்து முறுக்கியிருந்தால் பிரித்து ஒரு புரியை மட்டும் எடுங்கள். சந்தேகம் இருந்தால் நுனியைக் கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக நிற்கும்.

அப்புறம் மெழுகு. தேன்மெழுகை விரலில் வைத்துச் சூடேற்றி அதில் நூலை இரண்டு தடவை இழுத்தால் போதும், நூல் வழுக்காது. நிறம் ஒரு படி மங்கும், அதனால் பளிச்சென்ற ஆரஞ்சே எடுங்கள். உடம்பில் மினுக்கு வளையம் வேண்டுமென்றால் சரிகை இருக்கவே இருக்கிறது. அசல் சரிகையில் பட்டு இழையைச் சுற்றித் தட்டை வெள்ளிக் கம்பி ஓடும், மேலே தங்க முலாம். நகத்தால் நுனியைப் பிரித்தால் அந்தத் தட்டைக் கம்பி தனியாகவே வரும். உடம்பைச் சுற்றிய திசைக்கு எதிர்த்திசையில் சுற்றுங்கள், இல்லையென்றால் நூலுக்குள் புதைந்துவிடும்.

ஏற்காடு மிளகுக்கொடி:
இறகு விஷயத்துக்கு வருகிறேன். சேவல் கழுத்து இறகு விறைப்பு, அது மிதக்கிற டிரை ஃப்ளைக்கு. உங்களுக்கு வேண்டியது மூழ்குகிற ஃப்ளை, அதற்குப் பெட்டைக்கோழியின் கழுத்து இறகுதான், தண்ணீரில் மூச்சு விடுகிற மாதிரி அசையும். அதையும் இரண்டே சுற்று. நீங்கள் ஆறேழு சுற்று சுற்றியிருப்பீர்கள், அதனால்தான் பிரஷ் ஆனது.

பார்ட்ரிட்ஜ் என்றால் நம் கௌதாரி என்று நினைத்து யாரிடமாவது போய்க் கேட்டு வைக்காதீர்கள். இங்கே அது 1972 வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது. காட்டுக்கோழியும் அப்படியே. வெள்ளைக்காரன் சால்மன் ஃப்ளையில் கன்னத்தில் வைக்கிற ஜங்கிள் காக் இறகு நம் மலையில் விடிகாலையில் கத்துகிற அதே பறவையுடையதுதான், இப்போது வெளிநாட்டில் பண்ணையில் வளர்த்து விற்கிறார்கள். நமக்கு வேண்டாம் அந்த வம்பு. பண்ணைக் காடை போதும், கறிக்கடையில் இறகைக் குப்பையில்தான் போடுகிறான். பழுப்பும் கோடுமாக, 14, 16 நம்பர் முள்ளுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். கின்னிக்கோழி இறகைக் கெட்டி டீயில் ஊறவைத்தால் வெள்ளைப் புள்ளி பழுப்பேறும், அதையும் ஒரு கை பார்க்கலாம். பிளாக் அண்ட் பீகாக்கின் உடம்புக்கு மயில்பீலி, தானாக உதிர்ந்ததாக இருந்தால் சரி. பீலிக் கண்ணுக்குக் கொஞ்சம் கீழே இருக்கிற இழைதான் புசுபுசுவென்று இருக்கும், ஆனால் சட்டென்று அறுந்துவிடும், பட்டு நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றுங்கள்.

ஒரு பழைய வருத்தம். தோலோடு எடுத்த கோழிக் கழுத்தை உப்புத் தடவாமல் டப்பாவில் போட்டு மறந்து, மழைக்காலம் முடிந்து திறந்தபோது காம்பும் புழுவும்தான் மிச்சம். அன்றைக்கு வீட்டில் எனக்குச் சோறு கிடைக்கவில்லை.

கொலுசுப் பட்டறை:
உப்பை விட வெங்காரம் (போராக்ஸ்) நல்லது தலைவா. செவ்வாய்ப்பேட்டையில் எந்த வெள்ளிப் பட்டறையிலும் பற்றவைக்க வைத்திருப்பார்கள்.

கருவிக்கும் பட்டறைப் பக்கமே வாருங்கள். நுனி கூர்மையான சாமணம், சின்னக் குறடு, எம்பிராய்டரிக் கத்தரி, இறகு நுனியைக் கவ்வ ஒரு முதலை கிளிப், தலை முடிச்சுக்கு நிறமில்லாத நெயில் பாலிஷ், அவ்வளவுதான். நூல்கண்டைப் பிடிக்கிற பாபின் ஹோல்டர் இல்லையென்று கவலை வேண்டாம். இங்கிலாந்தின் வடக்கே இந்த ஸ்பைடர் ஃப்ளைகளை அந்தக் காலத்தில் முள்ளைக் கவ்வுகிற வைஸ்கூட இல்லாமல், முள்ளை இடது கை விரலில் பிடித்து, ஒரு முழம் மெழுகு நூலிலேயே கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு பின் வைஸை மேஜை ஓரத்தில் இறுக்கி ஓட்டுகிறேன்.

ஆனால் முள்ளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். நம் கடையில் விற்கிற தூண்டில் முள் புழு கோர்க்கிறதற்கு. கம்பி தடிமன், சிலதில் புழு நழுவாமல் இருக்கத் தண்டிலேயே வெட்டு இருக்கும், முனை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதில் கட்டினால் இறகு நேராக நிற்காது. வெட் ஃப்ளை முள் என்றே கேட்டு 14 நம்பர் வாங்குங்கள், நம்பர் ஏற ஏற முள் சிறிதாகும். வந்ததும் வளைவில் கவ்வி, நரம்பு கோர்க்கிற கண் பக்கத்தை நகத்தால் சுண்டிப் பாருங்கள். டிங் என்று திரும்பி நிற்க வேண்டும். வளைந்தால் பதம் ஏறாத பச்சைக்கம்பி, ஒடிந்தால் பதம் மிஞ்சிப்போனது. முனைக்குப் பக்கத்தில் பின்னோக்கி நிற்கிற எதிர்முள்ளைக் குறட்டால் அமுக்குவதைக் கட்டுவதற்கு முன்பே செய்யுங்கள், கட்டி முடித்த பிறகு முனை ஒடிந்தால் அழுகை வரும். எனக்கு வந்தது.

ஐந்துரோட்டுக்காரன்:
அண்ணன்மார்களே, முள்ளை மட்டும் வரவழைத்தேன். பட்டு தறிக்காரர் வீட்டில் கிடைத்தது, நான் கேட்டது ஒரு கைப்பிடி, அந்தம்மா கொடுத்தது ஒரு கேரிபேக். காடை இறகு கறிக்கடையில், அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். நேற்று ராத்திரி நாலு கட்டினேன். மூன்றில் இறகைக் கண்ணுக்கு மிக அருகில் கட்டியதால் முடிச்சுப் போட இடமில்லாமல் கண்ணே அடைத்துவிட்டது. நாலாவதை டம்ளர் தண்ணீரில் போட்டேன், அம்மாப்பேட்டைக்காரர் சொன்ன செங்கல் நிறம் வந்துவிட்டது. பெண் எட்டிப் பார்த்து "இது பூச்சிதான்" என்றாள்.

கொலுசுப் பட்டறை:
கண்ணுக்குப் பின்னால் ஒரு கண் அளவு இடம் விட்டுத் தொடங்குங்கள். அடைத்த மூன்றையும் தூக்கிப் போடாதீர்கள், பிளேடால் நூலை அறுத்துவிட்டு முள்ளைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.