பாட்டியின் மளிகைக் கடையில் ஓட்டப்பந்தயம்

ராஜி: பெரியப்பா, தூங்கிவிட்டீர்களா? தருணுக்கு நாளைக்கு ஆங்கில வீட்டுப்பாடம். 'ரன்' வருகிற வாக்கியங்களைக் கொடுத்து, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அதே பொருள் வருகிற வேறு சொல்லைப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

ராஜி: போனில் தேடி அவனே எழுதிவிட்டான். அதுதான் பயமாக இருக்கிறது. 'மை கிராண்ட்மதர் ரன்ஸ் எ ஷாப்' என்பதை 'மை கிராண்ட்மதர் ஸ்பிரின்ட்ஸ் எ ஷாப்' ஆக்கியிருக்கிறான்.

மல்லிகா அத்தை: மூட்டு வலியோடு மளிகைக் கடைக்குள் நூறு மீட்டர் ஓட்டமா! 😂😂

ராஜி: சிரிக்காதீர்கள் அத்தை, அடுத்தது இருக்கிறது. 'ஹிஸ் நோஸ் இஸ் ரன்னிங்'. இவன் எழுதியது 'ஹிஸ் நோஸ் இஸ் ஜாகிங்'.

கவின்: நல்ல மூக்கு. காலையில் பூங்காவுக்குக் கூட்டிப்போகலாம்.

பெரியப்பா: தூங்கவில்லை அம்மா. பையனைத் திட்டாதே. அவன் தேடிய பட்டியலில் அந்தச் சொற்களெல்லாம் 'ரன்' என்பதற்கு நேராகத்தான் இருந்திருக்கும். எந்த 'ரன்'னுக்கு எது என்று பார்க்காமல் எடுத்துவிட்டான்.

பெரியப்பா: ஓடுவது யார், எது என்று முதலில் பார்க்கச் சொல். மூக்கு, குழாய், ஆறு என்றால் 'ஃப்ளோ'. கடை, பள்ளிக்கூடம் என்றால் 'மேனேஜ்'. மெஷின் என்றால் 'வொர்க்' அல்லது 'ஆபரேட்'. திருடன் என்றால் 'ஃப்ளீ'. ஆள் மாறினால் சொல்லும் மாறும்.

ராஜி: சரி. 'ஷி இஸ் ரன்னிங் எ டெம்பரேச்சர்'?

கவின்: இது என் ஏரியா. இங்கே வார்டில் தினமும் காதில் விழுகிற வாக்கியம். காய்ச்சல் அடிக்கிறது, அவ்வளவுதான். 'ஹேஸ்' போட்டால் போதும்.

கவின்: லீட்ஸில் இந்த ஒரு சொல்லை வைத்தே ஒரு ஷிஃப்டை முடித்துவிடலாம். டாக்டர் வரத் தாமதம் என்றால் 'ரன்னிங் லேட்'. கையுறை தீர்ந்தால் 'ரன் அவுட்'. ரத்தப் பரிசோதனை 'ரன்' பண்ணுவார்கள். வேலை முடிந்து நாம் துவண்டுபோனால் 'ரன் டவுன்'. அப்புறம் யாராவது 'உன்னை வீட்டுக்கு ரன் பண்ணி விடட்டுமா' என்றால் காரில் இறக்கிவிடுகிறார்கள் என்று அர்த்தம். நாம் கூட ஓட வேண்டியதில்லை.

மல்லிகா அத்தை: அப்படியென்றால் கிரிக்கெட்டில் ரன் அவுட் என்பது ரன் தீர்ந்துபோனதா?

கவின்: அத்தை 🙏

பெரியப்பா: இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதி 1989ல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்குத்தான். அந்த வினைக்கு மட்டும் 430 பொருள். பிறகு சொற்களைத் திருத்தி எழுதிக்கொண்டே வந்தார்கள். 2011ல் 'ரன்' முந்திவிட்டது. வினையாக வருகிற பொருள் மட்டும் 645! பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியர் அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் மல்லுக்கட்டினார்.

ராஜி: ஒரு சொல்லுக்கு ஒன்பது மாதமா? பிள்ளையே பெற்றுவிடலாம்.

பெரியப்பா: 😄 காரணம் யோசித்துப் பார். ரயில் வந்தது, ஆலை வந்தது, மோட்டார் வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. ஒவ்வொன்றும் வந்ததும் அது 'ரன்' ஆகிறது என்றார்கள். தனியாகப் புதுச்சொல் உண்டாக்காமல் இருக்கிற சொல்லின் தலையிலேயே ஏற்றிவிட்டார்கள். நாம் என்ன வாழ்ந்தோம்? ஃபேன் ஓடுகிறது, கடிகாரம் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, படம் ஓடுகிறது.

மல்லிகா அத்தை: படம் ஓடுவதைப் பற்றி நமக்கா சொல்ல வேண்டும். 1944ல் வந்த ஹரிதாஸ் மூன்று தீபாவளி பார்த்த படம் என்று எங்கள் அம்மா சொல்லிக்கொண்டே இருப்பாள்.

ராஜி: அப்போ எல்லாவற்றையும் 'ஓடு' என்று வைத்துக்கொண்டு தமிழில் யோசித்தால் போதுமா?

பெரியப்பா: கூடாது. அங்கேதான் கால் இடறும். ஆங்கிலத்தில் சாயம் 'ரன்' ஆகும். நமக்குச் சாயம் போகும். அங்கே மூக்கும் அதேதான், நமக்கு ஒழுகும். தொட்டியில் குளிக்கத் தண்ணீர் பிடிப்பதைக்கூட 'ரன் எ பாத்' என்பான்.

கவின்: தேர்தலை விட்டுவிட்டீர்களே பெரியப்பா. அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுகிறார். இங்கே இங்கிலாந்தில் 'ஸ்டாண்ட்'. ஒரே மொழி, ஒருவர் ஓடுகிறார், ஒருவர் நிற்கிறார்.

பெரியப்பா: நம்மூரிலும் நிற்பதுதான். ஜெயித்த பிறகு ஓடுவது தனிக் கதை.

மல்லிகா அத்தை: குழுவில் அரசியல் வேண்டாம் என்று சொன்னதே நீங்கள்தான் அண்ணா.

ஹர்ப்ரீத் அண்ணி: நான் ஒன்று சொல்லட்டுமா? 'ரன்'னுக்கே இப்படிப் புலம்புகிறீர்கள். கல்யாணமாகி லூதியானாவிலிருந்து கோயம்புத்தூர் வந்தபோது என்னை 'அடி' என்ற சொல் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது. அத்தை காலையில் ஆரம்பிப்பார்கள். வெயில் அடிக்குது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கணும். தம்பிக்கு ஒரு போன் அடி. பக்கத்து வீட்டில் அரட்டை அடிக்காதே. இந்தக் குடும்பத்தில் எல்லோரும் எதையாவது அடித்துக்கொண்டே இருக்கிறார்களே என்று பயந்துபோனேன்.

கவின்: காப்பி அடிக்கிறான், சைட் அடிக்கிறான், போர் அடிக்குது, லாட்டரி அடிச்சுது…

ஹர்ப்ரீத் அண்ணி: 'காப்பி அடி' என்றதும் நான் டிகாக்ஷன் போடப் போனேன். அதை யாரும் இன்னும் மறக்கவில்லை.

மல்லிகா அத்தை: மறக்கவும் விடமாட்டோம் 😂

ராஜி: அண்ணி, தருண் விழுந்து விழுந்து சிரிக்கிறான். சரி, மீதியை முடிக்கலாம். 'மேனேஜ்', 'ஆபரேட்' இரண்டும் ஒன்றுதானே? எதைப் போட்டாலும் சரியா?

பெரியப்பா: ஒன்று போலத் தோன்றும், ஒன்று இல்லை. கிரேனை 'ஆபரேட்' பண்ணலாம், 'மேனேஜ்' பண்ணினால் ஏதோ ஒப்பேற்றுகிறான் என்று ஆகிவிடும். 'மேனேஜ்' இத்தாலிய மொழியிலிருந்து வந்தது, முதலில் குதிரையைப் பழக்குவதற்குச் சொன்னது. 'ஆபரேட்' லத்தீன் வழி. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சும் லத்தீனும் கொட்டின. அதனால்தான் ஒரே வேலைக்கு மூன்று சொல். 'ஆஸ்க்' வீட்டில் பேசுவது, 'குவெஸ்சன்' கொஞ்சம் விறைப்பு, 'இன்டராகேட்' என்றால் போலீஸ் ஸ்டேஷன்.

ராஜி: அப்போ 'டீச்சர் இன்டராகேட்டட் மீ' என்று எழுதினால்?

பெரியப்பா: எழுதட்டும். மார்க் போகும், ஆனால் உண்மையாக இருக்கும். 1852ல் ரோஜே என்ற டாக்டர் ஒத்த சொற்களைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார். எண்ணத்தை வைத்து வகை பிரித்து, பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினார். ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு செருகலாம் என்பதற்காக இல்லை. தருண் தேடிய பட்டியலும் அந்த வம்சம்தான்.

கவின்: பஸ் வாக்கியம் இருக்கிறதா அக்கா? 'தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்' மாதிரி?

ராஜி: இருக்கிறது. 'கோஸ்' போட்டிருக்கிறான். அது சரிதானே?

பெரியப்பா: தாராளமாக. எளிய சொல் கிடைத்தால் அதையே போடு. படிப்பு தெரிய வேண்டும் என்று 'டிராவர்ஸ்' கிராவர்ஸ் என்று போகாதே.

ராஜி: கடைசி ஒன்றுதான் பாக்கி. 'டயாபடிஸ் ரன்ஸ் இன் அவர் ஃபேமிலி'.

மல்லிகா அத்தை: யார் வீட்டைப் பார்த்து எழுதினார்கள் இதை?

பெரியப்பா: இதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினால் நிற்காது. வாக்கியத்தையே மாற்றச் சொல். எங்கள் குடும்பத்தில் பலருக்கு இருக்கிறது என்கிற மாதிரி. 'மெனி பீப்பிள் இன் அவர் ஃபேமிலி ஹேவ் டயாபடிஸ்'. அடைப்புக்குறிக்குள் ஏன் மாற்றினான் என்று ஒரு வரி எழுதட்டும், டீச்சர் ஒன்றும் சொல்லமாட்டார்.

பெரியம்மா: ஒரு மணி நேரமாக ஹாலில் லைட் எரிகிறதே என்று பார்த்தால் இங்கேதான் இருக்கிறாரா. சர்க்கரை பற்றிப் பாடம் நடத்துகிறவர் ராத்திரி மாத்திரை போட்டாரா என்று கேள் ராஜி.

பெரியப்பா: போட்டாச்சு.

பெரியம்மா: பெட்டியில் அப்படியே இருக்கிறது.

பெரியப்பா: இதோ போடுகிறேன்.

ராஜி: பெரியப்பா, மாத்திரை போடு, சட்டை போடு, சண்டை போடு, மொத்தம் எத்தனை 'போடு' என்று தருண் கேட்கிறான்.

பெரியம்மா: அவனையும் தூங்கச் சொல்லு.