‘விஷ் யூ வேர் ஹியர்’: குரல் ஏன் இவ்வளவு தாமதமாக வருகிறது?

சாரல்:
வணக்கம். பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான பிங்க் ஃபிளாய்டின் 1975ஆம் ஆண்டு ஆல்பமான ‘விஷ் யூ வேர் ஹியர்’ இப்போதுதான் எனக்குப் பழக்கமாகி வருகிறது. முதல் பாடலான ‘ஷைன் ஆன் யூ கிரேசி டயமண்ட்’ தொடங்கி எட்டு நிமிடங்களுக்கு மேல் கடந்த பிறகே குழுவின் ரோஜர் வாட்டர்ஸ் வாய் திறக்கிறார். கேட்பவரை இவ்வளவு நேரம் காக்க வைப்பது ஏன்? ‘ஹேவ் எ சிகார்’ பாடலில் ஒலிப்பது வாட்டர்ஸின் குரலாகவோ கிடார் கலைஞர் டேவிட் கில்மரின் குரலாகவோ தெரியவில்லையே, அது யாருடையது?

ஆறுதந்தி:
அது குழுவைச் சேராத ஆங்கில நாட்டுப்புறப் பாடகர் ராய் ஹார்ப்பரின் குரல். பிங்க் ஃபிளாய்ட் பதிவு செய்த அதே லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் அவரும் அப்போது தம்முடைய ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். வாட்டர்ஸின் தொண்டை களைத்திருந்தது. கில்மருக்கோ அந்தப் பாடலைப் பாட விருப்பமில்லை. பின்னாளில் வாட்டர்ஸ், தாமே பாடியிருக்க வேண்டும் என்று வருந்தினார். எனக்கு அந்த வருத்தம் இல்லை. குழுவில் யார் யார் என்றுகூடத் தெரியாமல் முதுகில் தட்டிக்கொடுக்கும் இசை நிறுவன அதிகாரி பேசுவதாக அமைந்த பாடலுக்கு, ஏளனம் தடவிய வெளியாள் குரல்தான் பொருத்தம்.

பழைய இசைத்தட்டு:
தாமதத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஆலாபனை முடியும் முன்பே பல்லவியை எதிர்பார்த்தால் இந்தப் பாடல் பிடிபடாது. மதுக்கோப்பைகளின் விளிம்பைத் தேய்த்து எடுத்த ஒலி தொடக்கத்தில் குழுவின் கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட்டின் சின்தசைசரோடு கலந்திருக்கிறது. வீட்டுப் பொருள்களைக் கொண்டே ஓர் ஆல்பம் செய்ய முயன்று கைவிட்டபோது மிஞ்சியது அது. அதன்பின் கில்மரின் கிடாரிலிருந்து நான்கே சுரங்கள் ஒலித்து, அடங்கும்வரை இடம் விட்டு, மீண்டும் ஒலிக்கின்றன. பாட்டு, குழுவை நிறுவியவர்களில் ஒருவரும் 1968இல் அதை விட்டு விலகியவருமான சிட் பாரெட்டைப் பற்றியது. இல்லாத ஒருவரைப் பற்றிய பாட்டில் அந்த வெற்றிடம் முதலில் காதில் விழ வேண்டும் அல்லவா?

பாரெட் 1975இல் தலையையும் புருவத்தையும் மழித்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்ததையும், பழைய நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியாமற்போனதையும் பலர் இப்பாடலின் பிறப்புக் கதையாக்கிவிடுகிறார்கள். அது சரியன்று, 1974இலேயே இதை மேடைகளில் வாசித்துவிட்டார்கள்.

நள்ளிரவு வானொலி:
எல்லோரும் ‘ஷைன் ஆன்’ பற்றியே பேசுகிறீர்கள். என்னைப் பொறுத்தவரை ஆல்பத்தின் சிறந்த குரல், ‘வெல்கம் டு தி மெஷின்’ பாடலில் கில்மருடையது. ஒரு வரியின் உயர்ந்த சுரம் எட்டாததால் டேப்பின் வேகத்தைச் சற்றே குறைத்துப் பாடிப் பதிவு செய்தார்கள். அந்த இறுக்கம் இயந்திரத் துடிப்புக்கு நன்றாகவே பொருந்துகிறது.

சாரல், அடுத்த முறை ‘ஹேவ் எ சிகார்’ முடியும் இடத்தை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முழு இசைக்குழுவும் சட்டென்று ஒரு சிறு ரேடியோவுக்குள் சுருங்கும், நிலையங்கள் மாறும், தலைப்புப் பாடலின் பன்னிரண்டு தந்தி கிடார் அதே மெலிந்த ஒலியில் தொடங்கும். பிறகு, அறையில் ஒருவர் இருமிவிட்டு அந்த ரேடியோவோடு சேர்ந்து வாசிப்பதுபோல, இரண்டாவது கிடார் முழு ஒலியுடன் காதருகே வரும். குரலின் தாமதம் உங்களுக்குக் குறையாகப் பட்டால், முதலில் இந்தப் பாடலைப் பழகிக்கொண்டு பிறகு ‘ஷைன் ஆன்’ பக்கம் திரும்புங்கள்.