மறு: ஒருங்கிணைந்ததா, ஒருங்கிணைத்ததா?

அன்புள்ள குழுவினருக்கு,

பதுளைப் பயிற்சிக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தாக்க மதிப்பீடு, இடர் மதிப்பீடு, சமூக மதிப்பீடு என்று தனித்தனியே செய்தவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஓர் இடத்தை எப்படிப் பேணலாம் என்று முடிவெடுக்க உதவும் வேலைக்கு இன்னும் முடிவான பெயர் இல்லை.

இப்போதைக்கு 'ஒருங்கிணைந்த சூழல் மதிப்பீடு' என்று எழுதுகிறோம். அந்த 'ந்த'தான் எனக்கு உறுத்துகிறது. இணைந்த என்பது தன்வினை. மதிப்பீடுகள் தாமாகச் சேர்வதில்லையே. பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 மண்சரிவுக்கு முன்பே எச்சரிக்கை இருந்தது; சனங்கள் லய வீடுகளிலேயே இருந்தார்கள். மண்ணைப் பற்றித் தெரிந்தது குடியிருப்பைப் பற்றிய முடிவோடு சேரவேயில்லை. 'ஒருங்கிணைத்த' என்று பிறவினையில் எழுதினால், இணைக்க வேண்டியவர் யார் என்ற கேள்வி சொல்லுக்குள்ளேயே இருக்கும்.

ஹட்டனிலிருந்து

*

தங்கச்சி, இலக்கணம் சரி. ஆனால் 'இணை' என்றால் இரண்டு. மூன்று மதிப்பீட்டுக்கு அது பொருந்துமா? 'சூழ்' என்ற வேரைப் பாருங்கள். குறள் 461இல் அழிவதையும் ஆவதையும் பின்னால் வரும் ஊதியத்தையும் 'சூழ்ந்து செயல்' என்கிறார் வள்ளுவர். சூழ்தல் அங்கே ஆராய்தல். சூழலும் அதே வேர்தான். 'சூழ்ச்சி'கூட முதலில் ஆலோசனைதான், கெட்ட பொருள் பிறகு ஏறியது. 'சூழ்வு' என்று வையுங்கள்; சுற்றியிருப்பதும் ஆராய்வதும் ஒரே சொல்லில் வந்துவிடும்.

கண்டியிலிருந்து

*

ஐயா, 'சூழ்வு' என்று பலகையில் எழுதினால் என் பிள்ளைகளுக்குச் சூழ்ச்சிதான் ஞாபகம் வரும். 'சூழல்' என்பதும் வேண்டாம், 'சுற்றாடல்' என்றே இருக்கட்டும். மத்திய சுற்றாடல் அதிகாரசபை என்றுதானே அவர்கள் படிக்கிறார்கள்? 2014 டிசெம்பரில் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்தபின் இந்தப் பக்கம் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. கிணறு, சுவர், தோட்டம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தீர்களா என்றுதான் சனங்கள் கேட்பார்கள். 'கூட்டு மதிப்பீடு' போதும்.

பண்டாரவளையிலிருந்து

*

டீச்சர், தோட்டத்தில் 'கூட்டு' என்றதும் சம்பளக் கூட்டு ஒப்பந்தம்தான் நினைவுக்கு வரும். பல தரப்பும் கூடிச் செய்தது என்று பொருள் மாறிவிடும். ஆனால் 'சுற்றாடல்' சரி, 'சேர்த்துப் பார்த்தல்' அதைவிடச் சரி.

தலைப்பில் 'ஒருங்கிணைத்த சுற்றாடல் மதிப்பீடு', விளக்கத்தில் 'சேர்த்துப் பார்த்தல்' என்று போடுகிறேன். ஐந்து பேர் சம்மதித்திருக்கிறார்கள். ஐயாவின் குறள் விளக்கம் அடிக்குறிப்பாக வரும்.

ஹட்டனிலிருந்து

*

அடிக்குறிப்பிலாவது 'சூழல்' என்றே இருக்கட்டும், தங்கச்சி.

கண்டியிலிருந்து