ஒன் பீஸ் டிரெஸ்ரோசாவிலேயே தடம் மாறிவிட்டதா? (பல மங்காக்களுக்கு ஸ்பாய்லர் உண்டு)

சுங்கான்மீன்:
அடிக்க வருவீர்கள் என்று தெரிந்தே எழுதுகிறேன். ஓடா வரையும் ஒன் பீஸ், லூஃபி என்ற கேப்டனும் அவனுடைய கடற்கொள்ளைக் கூட்டமும் தீவு தீவாகப் போகும் ஜப்பானியப் படக்கதை (மங்கா). 1997இல் அது ஒரு பயணக் கதையாகத்தான் தொடங்கியது. 2013இல் டிரெஸ்ரோசா தீவில் நங்கூரம் போட்டதோடு அந்தப் பயணம் முடிந்தது. அதற்கப்புறம் நாம் படிப்பது, அவ்வப்போது கப்பல் தலைகாட்டும் ஒரு போர்க்கதை.

அலபாஸ்டா ஞாபகம் இருக்கிறதா? அந்தப் பாலைவன நாட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் விஸ்கி பீக், டைனோசர் திரியும் லிட்டில் கார்டன், பனி மூடிய டிரம் தீவு என்று மூன்று ஊர் பார்த்துவிட்டோம். ஒவ்வொன்றிலும் வேறு வானிலை, வேறு மாதிரி மனிதர்கள், வேறு வகை ஆபத்து. நாட்டுக்குள் நுழைந்து வில்லன் குரொக்கடைலை வீழ்த்தி இளவரசி விவியிடம் விடைபெற 60 சொச்சம் அத்தியாயங்கள் போதுமாக இருந்தன. டிரெஸ்ரோசாவுக்கு 102. பின்னால் வந்த வானோ நாட்டுக்கு 149.

நீளத்தை மட்டும் குறை சொல்லவில்லை. டிரெஸ்ரோசா கதைப்படி ஏறக்குறைய ஒரே நாளில் நடந்து முடிகிறது. வாராவாரம் படித்தவர்களுக்கு அந்த ஒரு நாள் கழிய இரண்டரை வருஷம் ஆனது. அதிலும் கூட்டாளிகளில் நாமி, சாஞ்சி, சாப்பர், ப்ரூக் நான்கு பேரும் பாதியிலேயே சோ என்ற தீவுக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்து ஹோல் கேக் தீவுக்குப் போனால் ஜோரோ, உசோப், ராபின், ஃபிராங்கி இல்லை. ஜின்பேயையும் சேர்த்துப் பத்துப் பேரும் ஒன்றாக நிற்பதைப் பார்க்க வானோவில் நடக்கும் ஓனிகஷிமா போர் வரை காத்திருந்தோம். ஒரு கப்பல், அதில் ஒரு கூட்டம் என்பதுதானே இந்தக் கதையின் அடிப்படையே?

நாவாய்_நங்கை:
மீன் அண்ணா, ஒரு திமிங்கலத்தை வைத்தே உங்களுக்குப் பதில் சொல்லலாம்.

லாபூன். கிராண்ட் லைன் கடலின் வாசலில், 102ஆம் அத்தியாயம் வாக்கில், மலையில் தலையை மோதிக்கொண்டு நிற்கும் அந்தத் திமிங்கலம். திரும்பி வருவதாகச் சொல்லிப் போன கடற்கொள்ளையர்கள் 50 ஆண்டுகளாக வரவில்லை. அது 1999. 2007இல் த்ரில்லர் பார்க் பகுதியில்தான் தெரிகிறது, அந்தக் கூட்டத்தில் உயிரோடு, அதாவது எலும்போடு, மிஞ்சியவர் எலும்புக்கூடு ப்ரூக் என்று. இடையில் ஏறக்குறைய 8 வருஷம் ஓடியிருக்கிறது. பள்ளியில் லாபூனைப் படித்தவர்கள் கல்லூரியில் ப்ரூக்கைப் படித்தார்கள். எந்த 20 தொகுதி மங்காவால் இதைச் செய்ய முடியும்? நீளத்தை வைத்து மட்டுமே செய்யக்கூடிய காரியம் இது.

அப்புறம் ஒரே ஊர், ஒரே நாள் என்று ஒரு குற்றச்சாட்டு. பிடிபட்ட ராபினை மீட்கப் போகும் எனியஸ் லாபியும் ஒரே இடம்தான், ஏறக்குறைய ஒரே நாள்தான், முழுக்க முற்றுகைதான். “நான் வாழ விரும்புகிறேன்” என்று ராபின் கத்தும் பக்கத்தைச் சொல்லி அழாத ஆளை நான் பார்த்ததில்லை. அதையும் பயணம் நின்றுபோன இடம் என்று எழுதுவீர்களா?

சுங்கான்மீன்:
எழுத மாட்டேன். எனியஸ் லாபியில் கேள்வி ஒன்றே ஒன்று: ராபின் வருவாளா, மாட்டாளா? அங்கே சண்டை போடும் ஒவ்வொருவனும் அதற்காகத்தான் போடுகிறான். அந்தச் சண்டைக்கு முன்னால் வாட்டர் செவன் ஊரில் தங்கள் கப்பல் கோயிங் மெரியைச் சரிசெய்ய முடியாது என்று தெரிந்து, உசோப் கேப்டனோடு மோதிப் பிரிந்து போகிறான். அது எல்லாம் சொந்த வீட்டுச் சண்டை.

டிரெஸ்ரோசாவில் சண்டைப் போட்டி நடக்கும் கொலோசியத்துக்கு வந்தவர்கள் எத்தனை பேர்! பார்தொலோமியோ, கேவெண்டிஷ், சாய், இடியோ, ஹாஜ்ருதின், ஓர்லும்பஸ். கல்யாணத்துக்கு வந்த எல்லோருக்கும் இலை போட்டே ஆக வேண்டும் என்பதுபோல ஒவ்வொருவருக்கும் ஓர் எதிரி, ஒரு முன்கதை, ஒரு வெற்றி. முடிவில் 5,600க்கும் மேற்பட்டவர்கள் கொண்ட ஒரு பெரும்படை லூஃபிக்குக் கிடைக்கிறது. அவனே “எனக்கு வேண்டாம்” என்கிறான். நானும் அதையேதான் சொல்கிறேன்.

அந்திப்பூனை:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், ஹண்டர் ஹண்டர் படித்தவர்கள் யாரும் இந்த இழையில் இல்லையா?

அதில் வரும் சிமெரா ஆன்ட் என்ற பகுதி 133 அத்தியாயங்கள். கடைசிப் பாதி ஒரே அரண்மனை. உள்ளே நுழைந்த முதல் சில நிமிடங்களுக்கே பத்துப் பதினைந்து அத்தியாயம் ஆகிறது; ஆளுக்கு ஆள் மனதில் என்ன ஓடுகிறது என்று ஒரு குரல் வந்து விளக்கிக்கொண்டே இருக்கிறது. மீன் சொல்லும் விதிப்படி இது குப்பையாக இருந்திருக்க வேண்டும். என்னைக் கேட்டால் ஷோனன் (சிறுவர்களுக்கான) மங்காவில் இதைவிடப் பெரிய சாதனை இல்லை.

ஏன் வேலை செய்கிறது? கதை போகப் போக ஆட்கள் மாறுகிறார்கள். மனிதர்களைத் தின்பதற்கென்றே பிறந்த மெரூயெம், பார்வையற்ற கொமுகி என்ற பெண்ணோடு குங்கி என்ற பலகை ஆட்டம் விளையாடத் தொடங்கியபின் வேறு ஆளாகிறான். சிரித்த முகத்தோடு முதல் அத்தியாயத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாயகன் கோன் இந்தப் பக்கம் நாம் பார்க்கவே பயப்படும் ஆளாகிறான். நீளம் இங்கே புது ஊர்களைக் காட்டச் செலவாகவில்லை, தெரிந்தவர்களை அடையாளம் தெரியாமல் ஆக்கச் செலவானது. லூஃபி 1,000 அத்தியாயம் தாண்டியும் அதே லூஃபி. என் புகார் அதுதான்.

நாவாய்_நங்கை:
லூஃபி மாறாமல் இருப்பது குறை இல்லை, பூனை. அவன் போகும் ஊர்தான் மாறுகிறது. பழைய வீரக்கதைகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. மாறுகிற நாயகன்தான் வேண்டும் என்றால் ஒன் பீஸிலும் உசோப், ராபின், சாஞ்சி மூவரையும் பாருங்கள்.

அப்புறம் நீங்கள் கொண்டாடும் ஹண்டர் ஹண்டரில், தொகாஷியின் அந்தக் கதையில், கோன் எங்கே? உலக மரத்தின் உச்சியில் அப்பா ஜிங்கைப் பார்த்துப் பேசிவிட்டான். அது 2012. முதல் அத்தியாயத்தில் கிளம்பிய நோக்கம் அங்கேயே நிறைவேறிவிட்டது. அதன்பின் கதை கோனின் நண்பன் குராபிகாவோடு ஒரு மாபெரும் கப்பலில் ஏறி, இளவரசர்கள் ஒருவரை ஒருவர் கொல்வதைப் பற்றிப் போகிறது. ஒவ்வொரு பக்கமும் எழுத்தால் நிறைந்து கிடக்கிறது. 2018 முதல் 2022 வரை ஓர் அத்தியாயம்கூட வரவில்லை. அவருடைய முதுகுவலியைக் குறை சொல்ல மாட்டேன், பாவம் மனுஷன். ஆனால் தடுமாறாத கதைக்கு உதாரணமாக இதைக் காட்டுவது வேடிக்கை.

அந்திப்பூனை:
அந்தக் கப்பல் பகுதி எனக்குப் பிடிக்கும். நான் சிறுபான்மை என்பது தெரியும்.

கரிக்கோல்:
எல்லோரும் கதாசிரியர் தலைக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். அந்தப் பத்திரிகை எப்படி நடக்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். நான் கொஞ்சம் வரைகிற ஆள், அதனால் எனக்கு அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

ஒன் பீஸ் வரும் ஷோனன் ஜம்ப் வார இதழோடு வாசகர் அட்டை ஒன்று வரும். பிடித்த மூன்று கதைகளைக் குறித்து அனுப்ப வேண்டும். புதுத் தொடர் இதில் தொடர்ந்து கீழே கிடந்தால் சில மாதங்களில் மூட்டை கட்ட வேண்டியதுதான். இப்போது யோசியுங்கள். கூட்டாளிகள் ஒரு தீவில் இறங்கி, சந்தையைச் சுற்றி, ஏதோ தின்று, ஊர்க்காரர்களிடம் கதை கேட்கும் 19 பக்கம் ஒரு வாரம். பக்கத்துத் தொடரில் அதே வாரம் இறுதி அடி விழுகிறது. அட்டையில் எதைக் குறிப்பார்கள்?

டிராகன் பால் 1984இல் ஏழு பந்துகளைத் தேடிப் போகும் ஊர்சுற்றல்தான். முதல் தேடல் முடியும் நேரத்தில் வரவேற்பு குறைவாக இருந்தது. எடிட்டர் தொரிஷிமாவும் கதாசிரியர் தொரியாமாவும் பேசி தற்காப்புக் கலைப் போட்டி பக்கம் கதையைத் திருப்பினார்கள். பிய்த்துக்கொண்டு போனது. அதற்கப்புறம் வந்த தலைமுறை முழுக்க அந்தப் பாடத்தைப் படித்துத்தான் வந்தது.

இன்னொன்று. டிராகன் பால் வில்லன் செல் எப்படிப் பிறந்தான் தெரியுமா? 19, 20 எண் ஆண்ட்ராய்டுகளைப் பார்த்த தொரிஷிமா, ஒரு கிழவனும் ஒரு குண்டனுமா வில்லன்கள் என்றார். அப்போது அவர் அந்தத் தொடரின் எடிட்டர்கூட இல்லை. சரி என்று 17, 18 வந்தார்கள். இவர்கள் சின்னப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறார்களே என்றார். அதற்கப்புறம்தான் செல். நாம் ‘ஆசிரியரின் திட்டம்’ என்று நினைப்பதில் பாதி, அடுத்த வாரம் தப்பிக்க எடுத்த முடிவு.

ஒன் பீஸும் அப்படித்தான் நீண்டது. ஓடா முதலில் நினைத்தது 5 வருஷம். எடுத்த எடுப்பில் 25 வருஷக் கதை எழுத யாரும் உட்காருவதில்லை.

சுங்கான்மீன்:
கரிக்கோல், இது என் கட்சிக்குத்தான் பலம். அட்டைக்குப் பயந்தவர்கள் சண்டையை நீட்டினார்கள், சரி. ஓடாவுக்கு இன்று யார் பயம்? விற்பனை 50 கோடிப் பிரதிகளைத் தாண்டிவிட்டது. ஒரு மாதம் முழுக்கச் சந்தையைச் சுற்றிக் காட்டினாலும் தொடரை நிறுத்த ஜம்ப்பில் யாருக்கும் துணிச்சல் வராது. ஆக, அவர் பக்கத்துக்கு ஒன்பது பேனல் அடைத்து ஓட்டமாக ஓடுவது அவராக எடுத்த முடிவுதான்.

கரிக்கோல்:
சொல்ல வேண்டிய ஆட்கள் அத்தனை பேர், மனுஷனுக்கு வயது 50ஐத் தாண்டிவிட்டது. ஓடாமல் என்ன செய்வார்?

அவசரமே இல்லாமல் வரைந்தவரையும் பாருங்கள். பெர்செர்க் மங்கா 1989இல் தொடங்கியது, வாரப் பத்திரிகையும் இல்லை. கெண்டாரோ மியுரா ஒவ்வொரு கவசத்தின் ஒவ்வொரு கீறலையும் வரைவார். நாயகன் கட்ஸும் கூட்டாளிகளும் எல்ஃப் தீவுக்குக் கப்பலேறினார்கள், பல வருஷம் கப்பலிலேயே இருந்தார்கள். “இன்னும் படகா?” என்பது உலகம் முழுக்க வாசகர்களின் கேலியாகவே ஆகிவிட்டது. கிரகண இரவில் சிதைந்த, கட்ஸின் காதலி கஸ்காவின் மனம் மீண்டது 2018இல். இடையில் 20 வருஷத்துக்கு மேல். 2021 மே மாதம், 54 வயதில் மியுரா போய்விட்டார். முழுக் கதையையும் ஒருகாலத்தில் நண்பர் கோஜி மோரியிடம் சொல்லிவைத்திருந்தார். அந்த நினைவை வைத்து, மியுராவின் உதவியாளர்கள் 2022 முதல் வரைகிறார்கள்.

அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது தரம் கூடியதா குறைந்ததா என்று எனக்குக் கேட்கத் தோன்றுவதில்லை. நீண்ட தொடர் என்றாலே அதை இழுக்கும் கை ஒரே ஒரு மனிதனுடையது, அவ்வளவுதான்.

பாலைவன ரயில்:
யாரும் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்டைச் சொல்லாதது ஆச்சரியம். ஹிரோமு அராகாவா, மாத இதழ், 2001 முதல் 2010 வரை 108 அத்தியாயம், 27 தொகுதி, முடிந்தது.

ஆரம்பத்தில் அண்ணன் தம்பி ரயிலேறி ஊர் ஊராகப் போவார்கள். லியோரில் ஒரு போலிச் சாமியார், சுரங்க ஊரில் ஒரு மோசடி அதிகாரி. சும்மா தனிக்கதைகள் மாதிரி இருக்கும். பாதியில் நாட்டின் வரைபடத்தை விரித்துக் காட்டுவார்: ரத்தம் சிந்திய ஊர்களைப் புள்ளி வைத்து இணைத்தால் அமெஸ்ட்ரிஸ் நாடே ஒரு ரசவாத வட்டம். லியோரும் அதில் ஒரு புள்ளி. மீன் கேட்கும் பயணம், பூனை கேட்கும் மாற்றம், நங்கை கேட்கும் ‘அன்று விதைத்தது இன்று’ எல்லாம் 27 தொகுதிக்குள் இருக்கிறது.

நாவாய்_நங்கை:
அருமையான மங்கா, மறுப்பே இல்லை. ஆனால் அது எல்லை போட்ட நாடு, ரயில். எழுதுகிறவருக்கே எல்லா நிலையமும் முன்னாலேயே தெரியும். ஒன் பீஸ் கடல். அடுத்த தீவு என்னவென்று தெரியாத படபடப்பு அதில்தான் இருக்கிறது. அந்தப் படபடப்புக்கு விலையாக ஒரு டிரெஸ்ரோசாவைப் பொறுத்துக்கொள்ள நான் தயார்.

இத்தனைக்கும் ராட்சதர்களின் நாடான எல்பாஃபைப் பாருங்கள். லிட்டில் கார்டனில் டோரி, ப்ரோகி என்ற இரண்டு ராட்சதர்கள் தங்கள் ஊர்ப் பெருமை பேசியபோது முளைத்த பெயர். உசோப் அன்றைக்கே அங்கே போக ஆசைப்பட்டான். 20 வருஷத்துக்கு மேல் கழித்துப் போய் இறங்கிவிட்டான்.

சுங்கான்மீன்:
இறங்கினான், இல்லையென்று சொல்லவில்லை. இறங்கியதும் எதிரிகளான கடவுளின் மாவீரர்களும் பின்னாலேயே வந்து இறங்கிவிட்டார்கள். மறுபடி போர். ஊரைச் சுற்றிப் பார்க்க உசோப்புக்கு எத்தனை பக்கம் கிடைத்தது?

நாவாய்_நங்கை:
ஆந்தை நூலகம், வால்ரஸ் பள்ளிக்கூடம், பனி உறைந்த கீழுலகம், மேலே சூரிய உலகம். இவற்றையெல்லாம் நீங்கள் புரட்டித் தள்ளிவிட்டுச் சண்டைப் பக்கத்தில் போய் நின்றீர்கள் என்றால் அது ஓடாவின் தப்பா, அண்ணா?

சுங்கான்மீன்:
நூலகத்துக்குள் போனதே வரலாறு சொல்லத்தானே!

அந்திப்பூனை:
நூலகத்துக்கு வேறு எதற்குப் போவார்கள்?