கேட்டில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், டிஆர்டியில் (கடன் மீட்புத் தீர்ப்பாயம்) ஸ்டே கிடைக்குமா?

நிட்டிங்காரன்:
வணக்கம். திருப்பூர் பக்கம் சின்ன நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறேன். குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து வாங்கிய தொழில் கடன் என்பிஏ (வாராக்கடன்) ஆகிவிட்டது. பாக்கியைக் கட்டச் சொல்லி வங்கியின் 13(2) நோட்டீஸ் வந்ததும், வட்டிக் கணக்கு தப்பு என்று பதில் எழுதி நேரில் கொடுத்தேன். என் நகலில் கிளையின் சீலும் தேதியும் இருக்கின்றன. அதற்குப் பதிலே இல்லை. ஆகஸ்ட் 11 அன்று கேட்டில் சுவாதீன நோட்டீஸை ஒட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடிஎஸ் (ஒரே தவணையில் கடனைத் தீர்க்கும் சமரசம்) பேசிக்கலாம், பொறுங்கள் என்கிறார் மேலாளர். சிவில் கோர்ட்டில் தடை வாங்கலாம் என்கிறார் சொந்தக்காரர். யார் சொல்வதைக் கேட்பது?

கொங்குவாசி:
நேரா ஹைகோர்ட்ல ரிட் போடுங்க. எங்க மச்சானுக்கு உடனே ஸ்டே கிடைச்சது.

வாய்தா:
சிவில் கோர்ட் பக்கமே போகாதீர்கள். வங்கிகள் அடமானச் சொத்தை எடுக்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தின் 34-ம் பிரிவு அந்த வழியை அடைத்துவிட்டது. ரிட்டும் சுலபமில்லை. 2010-ல் சத்யவதி டாண்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு, தீர்ப்பாயம் இருக்க இங்கே ஏன் வந்தீர்கள் என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். மச்சானுக்குக் கிடைத்தது விதிவிலக்கு.

நீங்கள் போக வேண்டியது கோயம்புத்தூர் டிஆர்டி. 17-ம் பிரிவில் மனு, கூடவே இடைக்காலத் தடை கேட்டு ஒரு ஐஏ (இடைக்கால மனு). கெடு 45 நாள், அதாவது செப்டம்பர் 25. மேலாளரின் வாய்வார்த்தைக்காக அந்தக் கெடு நிற்காது. ஓடிஎஸ் ஒரு பக்கம் பேசுங்கள், மனு ஒரு பக்கம் போகட்டும்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல சரக்கு அந்த சீல் வைத்த நகல்தான். ஆட்சேபத்துக்கு 15 நாளில் வங்கி காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 13(3ஏ) பிரிவு. இது கட்டாயம் என்று 2018-ல் புளூ கோஸ்ட் ஓட்டல் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆனால் அதே வழக்கில், கட்டுகிறேன் கட்டுகிறேன் என்று தவணை கேட்டே காலம் கடத்திய கடன்காரருக்கு அந்தக் குறை கைகொடுக்கவில்லை. ஆகவே மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் மொத்தமும் கட்டிடறேன்" என்றெல்லாம் எழுதி வைக்காதீர்கள்.

நிட்டிங்காரன்:
ரொம்ப நன்றிங்க. முன்கூட்டியே பணம் கட்டணுமா?

வாய்தா:
மனு போடத் தேவையில்லை. 75 சதவீதம் கட்டு என்றிருந்த விதியை 2004-ல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் ரத்து செய்துவிட்டார்கள். தடை வேண்டுமென்றால் கதை வேறு: "எவ்வளவு கட்டுகிறீர்கள்?" என்று கேட்பார்கள். பெரும்பாலும் நிபந்தனைத் தடைதான். சொன்ன தேதிக்குத் தவணை போகாவிட்டால் அந்தத் தடை தானாகவே போய்விடும். முடியாத தொகைக்குத் தலையாட்டாதீர்கள்.

இங்கே தோற்றால் சென்னை டிஆர்ஏடி (மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்). அங்கே கடனில் பாதியைக் கட்ட வேண்டும், குறைத்தாலும் 25 சதவீதத்துக்குக் கீழே வராது. அதனால் உங்கள் பலத்தையெல்லாம் கோவையிலேயே காட்டிவிடுங்கள்.

கொங்குவாசி:
அப்ப வீட்டை விட்டு இப்பவே வெளியே போகணுமா?

வாய்தா:
வேண்டாம். இப்போது எடுத்திருப்பது காகிதச் சுவாதீனம். ஆளை வெளியேற்ற, வழக்கமாக 14-ம் பிரிவில் கலெக்டரிடமோ தலைமை நீதித்துறை நடுவரிடமோ உத்தரவு வாங்கி வருவார்கள். ஏல அறிவிப்பு எப்போது வருகிறது என்று பேப்பரைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அது வெளியாகும் முன்பே முழுப் பாக்கியையும் கட்டினால்தான் வீட்டை மீட்க உரிமை உண்டு. நோட்டீஸ், தபால் உறை, சீல் வைத்த நகல், கணக்கு அறிக்கை நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே வக்கீலைப் பாருங்கள்.